கீழிருந்து வாசித்த பட்டியல்

பாராளுமன்றத்தில் யாராவது ஒரு கடதாசியைத் தூக்கிக் காட்டிப் பேசினால் எனக்கு இன்றைக்கும் இருப்புக் கொள்ளாது. தொலைக்காட்சிப் பெட்டியில்தான் பார்க்கிறேன். அந்தக் கடதாசிக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. வேலையை விட்டும் எத்தனையோ வருசமாகிவிட்டது. என்றாலும் இதை ஆர் எழுதிக் கொடுத்தது, ஆரிடம் கேட்டு எழுதியது, ஆரிடம் கேட்காமல் விட்டது என்றுதான் மனது ஓடும்.

போன மாதம் கல்முனையில் ஒரு கலியாண வீட்டில், இப்போதைய உறுப்பினர் ஒருவரின் அலுவலகத்தில் வேலை பார்க்கிற ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அண்ணனைக் 'காக்கா' என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு.

"காக்கா, அந்தக் காலத்தில எதிர்க்கட்சி எம்பி ஒராள்ட கந்தோரில இருந்தீங்களாமே. கொம்பியூட்டரும் இல்ல, போனும் இல்ல. பேச்செல்லாம் என்னெண்டு செஞ்சீங்க?"

சோறு வரட்டும், சொல்கிறேன் என்றேன். சோறு வந்தது, நான் சொல்லவில்லை. பிழையாகச் சொல்லிவிடுவேனோ என்ற பயம். எழுதினால் திருத்தலாம். அதனால் எழுதுகிறேன்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வாப்பா வயலில் விழுந்து கால் முறிந்த வருசம் அது. பிறகு தட்டெழுத்துப் பழகி ஒரு சட்டத்தரணியின் கந்தோரில் சேர்ந்தேன். அவருடைய காணி உறுதிகளையும் மனுக்களையும் ஆறேழு வருசம் தட்டிக்கொண்டிருந்தேன். எழுபதுகளின் கடைசியில் அவர் தேர்தலில் நின்றார். அவர் வென்றார், அவர் சேர்ந்த பக்கம் தோற்றது. இப்படித்தான் நான் எதிர்க்கட்சி எம்பியின் கிளாக்கர் ஆனேன். அவருடைய பேரை எழுதவில்லை. உயிரோடு இருந்த காலத்திலேயே 'சேர்' என்று மட்டும் சொல்லிப் பழகிய வாய்.

சேர் கோபக்காரர் இல்லை என்று ஊரில் சொல்வார்கள். எனக்குத்தான் தெரியும். சாதாரண நேரத்தில் என்னை "நீ" என்பார், "இஞ்ச வா" என்பார். கோபம் வந்தால் "நீங்க" என்பார். "நீங்க இருங்க" என்று அவர் மெதுவாகச் சொன்னால் எனக்கு வேர்த்துவிடும். பேனா அவருக்குப் பிடிக்காது. எப்போதும் பென்சில்தான். கேட்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். வயலுக்குத் தண்ணி வரவில்லை என்று சொல்ல வந்தவர் அரைவாசியில் நிறுத்திவிட்டு, "சேர் தூங்கிட்டாரா?" என்று என்னைப் பார்த்துச் சைகை காட்டுவார். அப்போது மூடிய கண்ணோடேயே சேர் கேட்பார்: "எந்த வாய்க்கால்? எத்தனையாம் கண்டம்?"

வினா எழுதுவதை அவரிடம்தான் பழகினேன். முன்கூட்டியே எழுத்தில் அனுப்ப வேண்டும். அதில் அபிப்பிராயம் இருக்கக் கூடாது, வர்ணனை இருக்கக் கூடாது, கேள்வி மட்டும் இருக்க வேண்டும். ஆஸ்பத்திரிக் கூரையைப் பற்றி ஒரு தரம் "பரிதாபமான நிலையில் உள்ளது என்பதை அமைச்சர் அறிவாரா" என்று தட்டி வைத்தேன். சேர் பென்சிலால் ஒரு சொல்லைச் சுற்றினார்.

"பரிதாபம் எண்டா எத்தனை அடி நீளம்?"

பென்சிலை என்னிடம் நீட்டினார்.

"கூரையில ஓட்டை எத்தனை அடி? அத எழுது. பரிதாபத்தை அங்க இருக்கிறவங்க தாங்களா விளங்கட்டும்."

வரவு செலவுத் திட்டத்தின் குழுநிலை விவாதத்தில் இன்னொரு வழக்கம் உண்டு. ஒரு அமைச்சைப் பற்றி எதிர்க்கட்சிக்காரர் பேச வேண்டுமென்றால், அந்த அமைச்சின் ஒதுக்கீட்டில் பத்து ரூபாயைக் குறைக்க வேண்டும் என்று பிரேரிப்பார். அந்தப் பத்து ரூபா பேச வாய் திறப்பதற்கான சாவி மாதிரி. இதை ஒரு முறை தேத்தண்ணிக் கடையில் விளங்கப்படுத்தப் போனேன். கடைக்காரர் கேத்தலைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "அப்ப பத்து ரூபாயைக் குறைக்கவா மனிசன் கொழும்புக்குப் போற? பஸ்சுக்கு அதவிடக் கூடவாகுமே!"

பேச்சுக்கு முன் சேர் கடற்கரைக்குப் போவார். சுபஹு தொழுதுவிட்டு, சாரத்தோடு, ஈர மணலில் நின்று கடலைப் பார்த்துப் பேசிப் பார்ப்பார். நான் மணிக்கூட்டோடு பின்னால் நிற்பேன். எதிர்க்கட்சிக்குக் கிடைக்கும் நிமிடங்கள் குறைவு. ஏழு நிமிடம் தந்தால் ஆறரையில் முடிய வேண்டும். சூரியன் கடலுக்குள்ளிருந்து வரும். அவருடைய முகம் சிவந்து, பிறகு மஞ்சளாகி, பேச்சு முடியும்போது சாதாரண முகமாகிவிடும். கரைவலை இழுக்கிறவர்கள் அவரைத் தாண்டிப் போவார்கள். ஒரு நாள் அவர்களில் ஒருவர் கயிற்றைத் தோளில் போட்டபடியே சொன்னார்:

"சேர், கடல்ல கேட்டு ஒண்டும் வராது. நாங்க தினமும் கேட்டுத்தான் பாக்கிறம்."

"கடல் மறுத்துக் கதைக்காதுதானே மாமா," என்றார் சேர். "அங்க போனா அந்த வசதியும் இல்ல."

அந்தக் காலைகளை நினைத்தால் எனக்குச் சத்தம் கேட்பதில்லை. வாய் அசைவது தெரிகிறது, கை உயர்வது தெரிகிறது, அலை வந்து அவருடைய காலை நனைத்துப் போவது தெரிகிறது. எந்தப் பேச்சு எந்தக் காலை என்று பிரிக்க முடியவில்லை. ஒரு காலை மட்டும் பிரிந்து நிற்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

சேர் வென்ற அடுத்த வருசம் அடித்த சூறாவளிக்குப் பிறகு எங்கள் ஊர் கொஞ்ச காலம் கனவில் பார்த்த ஊர் மாதிரிக் கிடந்தது. கதவுகள் வயலுக்குள் படுத்திருந்தன. தென்னைகளின் கழுத்தில் தகரம் சால்வை மாதிரிச் சுற்றியிருந்தது. வீட்டுக்குள் பாயில் படுத்தால் நேரே வானம். சிலர் அதற்குப் பழகியும் போனார்கள். மேற்கிலிருந்து அடிக்கிற வறண்ட கச்சான் காற்று தொடங்கியபோது சோற்றுக்குள் மணல் விழுந்தது. அப்போதுதான் திரும்பவும் கோபம் வந்தது.

கூரைத் தகரம் ஊர் ஊராக வந்தது. உப்புக்கிணற்று ஒழுங்கைக்கு மட்டும் வரவில்லை. கடலில் தொடங்கிப் பெரிய தெருவில் முடிகிற ஒழுங்கை அது. இரண்டு விதானைப் பிரிவுகளின், அதாவது கிராமத் தலைமைக்காரர் இருவரின், எல்லையில் கிடந்தது. அவர் எழுதியிருப்பார் என்று இவரும், இவர் எழுதியிருப்பார் என்று அவரும் இருந்துவிட்டார்கள். நான் பிறந்ததும் அந்த ஒழுங்கையில்தான்.

நிவாரணத்துக்கு மேலதிகப் பணம் கேட்டு அரசாங்கம் சபைக்கு வரப்போகிறது என்று செய்தி வந்ததும் சேர் என்னைக் கூப்பிட்டார்.

"அந்த ஒழுங்கையில எத்தனை ஊட்டுக்குக் கூரை இல்ல? ஒவ்வொண்டா, பேரோட வேணும். வெள்ளிக்கிழமைக்கு முந்தி."

நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல் வாசலில் ஒரு வாங்கைப் போட்டு உட்கார்ந்தேன். கூரை போனவர்கள் வந்து பேர் சொல்லுங்கள் என்றேன். வந்தார்கள். "எழுதுங்க, எங்கட ஊடும் போயிற்று." எழுதினேன். மூன்று அஸர், மூன்று நாள். வளவு வளவாகப் போய் வேலி வாசலில், கடப்படியில் நின்று பெண்களிடம் கேட்க எனக்குக் கூச்சம். வெட்கத்தை மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். அறுபத்தொரு பேர் வந்தது. மூன்று தரம் எண்ணினேன். நான் எதையும் மூன்று தரம் எண்ணுகிறவன். மூன்று தரமும் அறுபத்தொன்றுதான்.

சேர் கொழும்புக்குப் போனார், பேசினார். "இந்த ஒழுங்கையில் அறுபத்தொரு வீடுகள் வானத்தைக் கூரையாகக் கொண்டிருக்கின்றன" என்று சொல்லியிருக்கிறார். வர்ணனை பிடிக்காத மனிதர் அன்றைக்கு ஒன்றைச் சேர்த்துக்கொண்டார். அமைச்சர் பட்டியலைத் தரும்படி கேட்டு வாங்கி, ஒரு மாதத்துக்குள் அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள், உண்மையென்றால் தகரம் வரும் என்றார். பத்திரிகையில் நான்கு வரி வந்தது. தேத்தண்ணிக் கடையில் அந்த நான்கு வரியையும் ஒருவர் உரக்க வாசித்தார். எனக்கு அன்றைக்குத் தேத்தண்ணி இனாம்.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ கதீஷா உம்மா கந்தோருக்கு வந்தார். அந்த ஒழுங்கையின் தெருப்பக்க முனையில் இருக்கிறவர். முன்வாசலால் வரவில்லை. பக்கக் கதவின் பாதியைத் திறந்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றார்.

"மனே, பட்டியல்ல என்ட பேர் இரிக்கா?"

பார்த்தேன். இல்லை. கணவரின் பேரில் இருக்கலாம் என்று கேட்டேன்:

"உங்கட மாப்பிளட பேர் என்ன?"

"அவர் மௌத்தாகி ஆறு வருசம். கபுறுக்கா தகரம் போடப்போறீங்க?"

"ஆம்புளப் புள்ளைகள்?"

"ரெண்டும் பொம்புளப் புள்ள. மூத்தவக்குப் பேசி முடிச்சிரிக்கி. மாரிக்கு முந்திக் கலியாணம் எண்டு சொல்லியிரிக்காங்க. கூரை இல்லாத ஊட்டுக்கு ஆரு மாப்பிள வருவான்?"

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்களில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருப்பார். வீடு மகளுக்கு. உம்மாவுடைய வீடு மூத்த மகளுக்கு, இளையவளுக்கு இன்னொரு வீடு. வீடு இல்லாவிட்டால் கலியாணம் இல்லை. இது எனக்குத் தெரியாததா? நானே மனைவி வீட்டில்தான் இருந்தேன்.

"பட்டியல வாசிங்க," என்றார் கதீஷா உம்மா.

வாசித்தேன். அவர் விரலை மடித்துக்கொண்டே வந்தார். எட்டாவது பேரில் கையைக் காட்டினார்.

"நில்லுங்க. இந்தா இந்த மூணு பேரும் ஆரு? சுபைதாட மகன்மார். மூணும் ஒரே ஊடு."

"மூணும் எங்கட ஊடெண்டுதான் சொன்னாங்க."

"உம்மாட ஊட்ட எங்கட ஊடெண்டு சொல்லாம வேற என்னெண்டு சொல்லுவானுகள்? மூத்தவன் நிந்தவூரில பொண்டாட்டி ஊட்டில இரிக்கான். அங்க கூரை நல்லா இரிக்கி. சுபைதாட மருமகன்ட பேரும் இரிக்கா பாருங்க."

இருந்தது. இருபத்திரண்டாவது.

"ஆம்புளயள்ட்ட கேட்டா பிறந்த ஊட்டையும் சொல்லுவானுகள், புகுந்த ஊட்டையும் சொல்லுவானுகள்," என்றார். "சுபைதாட ஊடு நாலு பேர்ட பேர்ல இரிக்கி. என்ட ஊடு ஒருத்தர்ட பேர்லயும் இல்ல."

பட்டியலைக் கீழே கொண்டு போனேன். நாற்பத்திரண்டாவது பேர் என்னுடையது. நான் பிறந்த வீடு. இப்போது என் தங்கச்சியின் வீடு. பதினேழாவது பேர் அவளுடைய மாப்பிள்ளை. இரண்டையும் நானே என் கையால் எழுதியிருக்கிறேன். மூன்று தரம் எண்ணியும் இருக்கிறேன்.

"வாங்க, நடப்பம்," என்றார் கதீஷா உம்மா.

கடல் முனையில் தொடங்கினோம். அவர் முன்னால், நான் நாலு அடி பின்னால், பென்சிலோடு. கச்சான் காற்று எங்கள் முகத்தில் அடித்துக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொரு கடப்படியிலும் அவர் நின்று ஒரே கேள்வியைக் கேட்டார்: "இது ஆருட ஊடு?"

"என்ட ஊடுதான் மாமி, வேற ஆருட?"

"உம்மாட. நாளைக்கு என்ட."

இன்னொரு வேலிக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்: "மாப்பிளட எண்டு எழுதிப்போடாதீங்க. கோவிச்சிட்டுப் போனா ஊட்டையும் தூக்கிட்டுப் போவாரு!" வேலிக்கு வேலி சிரிப்புப் பரவியது. முகம் தெரியாத சிரிப்பு. கிடுகு வேலிகளே சிரிப்பது மாதிரி இருந்தது. இவ்வளவு காலம் நான் நடந்த ஒழுங்கை இல்லை இது என்று எனக்குப் பட்டது. இன்னொரு ஒழுங்கை இதற்குள்ளேயே இருந்திருக்கிறது.

நான் பிறந்த வீட்டுக் கடப்படியில் என் தங்கச்சி நின்றாள். பட்டியலில் நான் என்ன எழுதியிருக்கிறேன் என்று கதீஷா உம்மா அவளுக்குச் சொல்லிவிட்டார்.

"அப்பிடியா காக்கா? உங்கட ஊடா இது?" என்றாள். "அப்ப வந்து கூரையப் போடுங்களன்."

பொழுதுபட்டு மஃரிபு தொழுகைக்கு முன் முடிந்தது. அறுபத்தொரு பேருக்குப் பின்னால் இருந்தது முப்பத்து மூன்று வீடுகள்தான். ஆம்பிளை இல்லாத, அதனால் பட்டியலிலேயே வராத வீடுகள் ஐந்து. எல்லாமாக முப்பத்தெட்டு. பெண்களின் பேரில் எழுதினேன். ஐந்து வீட்டையும் கடைசியில் சேர்த்தேன். கதீஷா உம்மா தன்னுடைய பேரை எல்லாருக்கும் பிறகு சொன்னார்.

அடுத்த நாள் காலை தபாலில் ஹன்சாட் படிவம் வந்தது. சபையில் பேசியதை எழுதி, திருத்தாத பிரதியை உறுப்பினருக்கு அனுப்புவார்கள். எழுத்துப் பிழை, விடுபட்ட சொல் இருந்தால் குறித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். அந்தப் படிவத்தின் மையும் கடதாசியும் சேர்ந்த மணம் எனக்கு மிகவும் பிடிக்கும். அன்றைக்கு முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. 'அறுபத்தொரு வீடுகள்.' அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, ஓரத்தில் 'முப்பத்தெட்டு' என்று சின்னதாக எழுதினேன். சேர் கையெழுத்து வைத்தால் முடிந்தது. ஒருவருக்கும் தெரியாது.

சேர் ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விட்டு வந்து சாய்மனைக் கதிரையில் இருந்தார். படிவத்தை நீட்டினேன். அந்த எண்ணில் கண் நின்றது.

"இது என்ன?"

சொன்னேன். பள்ளிவாசலில் வாங்கு போட்டு உட்கார்ந்தது, மூன்று அஸர், சுபைதாவுடைய மகன்மார், என் பேர், எல்லாவற்றையும். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் கண்ணைத் திறந்தார்.

"நீங்க இருங்க," என்றார்.

நான் இருக்கவில்லை. நின்றுகொண்டேன்.

அவர் மேசை இலாச்சியைத் திறந்து அழிறப்பரை எடுத்தார். நான் எழுதிய 'முப்பத்தெட்டை' அழித்தார். தூளை ஊதினார்.

"நான் சொன்னது அறுபத்தொண்டு. பிழையெண்டாலும் சொன்னது அதுதான். சொல்லாததைச் சொன்னதா ஹன்சாட்டில எழுதேலா. நீங்க விளங்கிக்கொள்ளணும்."

"சேர், அதிகாரிகள் வந்து பார்த்தா..."

"பார்த்தா என்ன நடக்கும்? சொல்லுங்க."

"பொய்ப் பட்டியல் எண்டு எழுதுவாங்க. ஒழுங்கை முழுக்க வெட்டுப்படும்."

"ம். எதிர்க்கட்சிக்காரன் பொய் சொன்னான் எண்டு ஒரு வரி. அதுக்குப் பிறகு நான் எந்த வாய்க்காலப் பத்திக் கேட்டாலும் அந்த வரிதான் பதில்." படிவத்தை மடித்து வைத்தார். "அவங்க வந்து கண்டுபிடிக்க முந்தி நானே எழும்பிச் சொல்லணும். சபையில சொன்ன பிழையச் சபையிலதான் திருத்தேலும்."

"எல்லாரும் சிரிப்பாங்க, சேர்."

"சிரிக்கட்டுமே."

"நான் வேலைய உடுறன், சேர்."

"உட்டுட்டு? புதுப் பட்டியல ஆர் டைப் பண்ணுற? நானா?"

அன்றைக்குப் பிறகு நாலு நாள் என்னை "நீங்க" என்றுதான் கூப்பிட்டார்.

ஐந்தாம் நாள் காலை கடற்கரைக்குப் போனோம். பேச்சு எழுதவில்லை. முப்பத்தெட்டுப் பேரின் பட்டியல் மட்டும் கையில். அதை ஒரு முறை கடலுக்கு வாசித்தார். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். முன்னுரையோடு சேர்த்தால் நேரம் போதாது. இருபத்தைந்தாவது பேருக்குள் சபாநாயகர் நிறுத்திவிடுவார். சேர் கடதாசியை மடித்து வைத்துக்கொண்டு அலையைப் பார்த்தபடி நின்றார். சூரியன் அவருடைய முகத்தைச் சிவப்பாக்கி, மஞ்சளாக்கி, விட்டது.

"நீயும் வா," என்றார்.

அப்படித்தான் நான் என் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை பாராளுமன்றத்தைப் பார்த்தேன். காலிமுகத் திடலோரத்துப் பழைய கட்டடம். பார்வையாளர் கலரியில் கையைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொன்னார்கள். கம்பியில் சாயக் கூடாது. கீழே பச்சையும் பழுப்புமாக ஒரு குளம் மாதிரி இருந்தது சபை. ஆளுந்தரப்புக் கதிரைகள் எதிர்ப்பக்கம் வரை வந்து நிரம்பியிருந்தன. எதிர்க்கட்சி ஒரு மூலையில். எங்கேயோ கடல் இரைந்தது. அல்லது இரைவது என் தலைக்குள்ளாகவும் இருக்கலாம். பசியும் பயமும் சேர்ந்து எல்லாமே தண்ணிக்கடியில் நடப்பது மாதிரித் தெரிந்தது.

சேர் எழும்பினார். தனிப்பட்ட விளக்கம் ஒன்றுக்குச் சபாநாயகரின் அனுமதி கேட்டார். தமிழில் பேசினார்.

"கடந்த முறை இந்தச் சபையில் அறுபத்தொரு வீடுகள் என்று சொன்னேன். அது பிழை. முப்பத்தெட்டு வீடுகள்தான்."

அவர் சொல்லி முடித்தபோது சபை அமைதியாக இருந்தது. பிறகுதான் சிரிப்பு வந்தது. மொழிபெயர்ப்பு காதுக் கருவிக்குள் போய்ச் சேர அந்தளவு நேரம். அந்த இடைவெளியில் நான் என்னவெல்லாம் நினைத்தேன் என்று சொல்ல முடியாது. இடி விழுந்த பிறகு சத்தம் வரும்வரை எண்ணுவோமே, அது மாதிரி. பின்வரிசையிலிருந்து ஒருவர் சிங்களத்தில் ஏதோ கத்தினார். திரும்பவும் சிரிப்பு. மிச்ச வீடுகளையும் காற்றுக் கொண்டுபோயிட்டுதா என்று கேட்டாராம். சேர் பிறகு சொன்னார்.

சேர் சிரிப்பு முடியும்வரை நின்றார்.

"கௌரவ சபாநாயகர் அவர்களே, எங்களுடைய ஊரில் ஆண்களுக்கு வீடு இல்லை. எனக்கும் இல்லை. என் உம்மாவின் வீட்டை என் வீடு என்கிறேன். என் மனைவியின் வீட்டையும் என் வீடு என்கிறேன். இரண்டும் என்னுடையதில்லை. நாங்கள் ஆண்களிடம் கேட்டோம். அதனால் ஒரு வீடு நாலு வீடாகியது. ஆண்கள் இல்லாத ஐந்து வீடுகள் இல்லாமலே போயின. கூட்டிச் சொன்னதற்காக மன்னிப்புக் கேட்கிறேன். விட்டுப்போனதற்காக அதைவிடப் பெரிய மன்னிப்பு. இப்போது பெண்களிடம் கேட்டு வந்திருக்கிறேன்."

"நாங்கள்" என்றார். கிளாக்கர் என்று சொல்லவில்லை.

கடதாசியை விரித்து வாசிக்கத் தொடங்கினார். முதலாவது பேரைக் கேட்டதும் பட்டியல் மாறிவிட்டதோ என்று எழும்பப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற காவலர் என் தோளைத் தொட்டு உட்காரவைத்தார்.

"கதீஷா உம்மா. கணவர் காலமாகிவிட்டார். இரண்டு மகள்மார்."

அவர் கீழிருந்து வாசித்துக்கொண்டிருந்தார். எந்தப் பட்டியலிலும் இல்லாத ஐந்து பேரும் முதலில் வந்தார்கள். பிறகு மற்றவர்கள், ஒழுங்கையின் தெருப்பக்கத்திலிருந்து கடலை நோக்கி. இருபத்தோராம் பேரில் சபாநாயகர் மணியைத் தட்டி, நேரம் முடிந்தது, மிச்சத்தைச் சபாபீடத்தில் வைக்கலாம் என்றார். சேர் கொண்டுபோய் வைத்தார். கடலோர வீடுகள் ஏற்கனவே பழைய பட்டியலில் இருந்தவை. வாசிக்காவிட்டாலும் தொலையாது.

அமைச்சர் எழும்பினார். சொந்தக்காரர் பெண் என்றால் தகரத்தைப் பெண்ணின் கையெழுத்துக்குக் கொடுப்பதில் தடை இல்லை, அதிகாரிகள் இந்தப் பட்டியலோடு போவார்கள் என்றார். ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. பிறகு வேறு அலுவல் தொடங்கியது. அந்தக் குளம் மூடிக்கொண்டது.

ஹன்சாட் படிவம் வந்தபோது சேர் ஒரு எழுத்துக்கூடத் திருத்தவில்லை. அந்தப் பக்கத்தைக் கதீஷா உம்மாவிடம் கொண்டுபோனேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது. பேர் எங்கே என்று கேட்டார். காட்டினேன். விரலை அதில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இதைக் கூரையில போடேலா, மனே. தகரம் எப்ப வருகுது?"

எனக்குத் தெரியாது என்றேன். அதிகாரிகள் வந்தார்கள், நடந்து பார்த்தார்கள், முப்பத்தெட்டும் சரி என்று போனார்கள். அதற்குப் பிறகும் தகரம் வரவில்லை. புரட்டாதி போய்க்கொண்டிருந்தது. நான் ஒவ்வொரு நாளும் மேகத்தைப் பார்த்தேன். கடைசியில் ஒரு லொறி வந்து ஒழுங்கைக்குள் புக முடியாமல் தெருவில் நின்றது. பெண்கள் வரிசையில் நின்று கையெழுத்து வைத்தார்கள், கைநாட்டும் வைத்தார்கள். ஆம்பிளைகள் தகரத்தைத் தலையில் தூக்கிக்கொண்டு ஒழுங்கை நெடுகப் போனார்கள். வெயிலில் ஒரு ஆறு நடந்து போவது மாதிரிப் பளபளத்தது. கதீஷா உம்மாவின் வீட்டுக்குக் கடைசியில் மிஞ்சியது பழைய ஆணித் துளையுள்ள தகரம் என்று ஆரோ சொன்னார்கள். அது ஒழுகும் என்ற நினைப்பு அதற்குப் பிறகு என்னை விடவில்லை.

மாரியின் முதல் மழை அஸருக்குப் பிறகு வந்தது. கந்தோரில் இருந்தவன் குடையும் எடுக்காமல் ஓடிப்போய் ஒழுங்கையின் தெரு முனையில் நின்றேன். மழை கடலிலிருந்து ஏறி வந்தது. முதலில் கடலோரத்துக் கூரையில் சத்தம் கேட்டது, பிறகு அடுத்த கூரையில், பிறகு அதற்கடுத்ததில். ஒவ்வொரு தகரமாகப் பேசத் தொடங்கியது. ஒழுங்கை நெடுக அந்தச் சத்தம் என்னை நோக்கி நடந்து வந்தது. எண்ணிக்கொண்டு நின்றேன். கடைசியாகக் கதீஷா உம்மாவின் கூரை இரைந்தது. உள்ளே சட்டி வைக்கிறார்களா, வாளி இழுபடுகிறதா என்று காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். மழை என் கழுத்தால் இறங்கியது.

கதவு கொஞ்சம் திறந்தது.

"ஆரது, மழைக்குள்ள நிக்கிற? கிளாக்கரா?"

"ஓம், உம்மா."

"ஒழுகல்ல, மனே," என்றார் கதீஷா உம்மா. "போங்க, நீங்கதான் நனையிறீங்க."